இரண்டு மணித் தண்ணீர்

5

செத்த மாட்டின் கயிற்றை பண்ணைக்காரம்மா எதற்குப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று ஸ்டெப்னிக்குப் புரியவில்லை.

கொட்டகைச் சுவரில் வரிசையாக முப்பது இரும்பு வளையங்கள். பதினொன்றில் மாடு நின்றது. பத்தொன்பதில் வெறும் கயிறு தொங்கியது. கயிற்றில் சேறு காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. சுவரில் ஒரு பழுப்புக் கோடு, கொட்டகையைச் சுற்றி ஒரே மட்டமாக ஓடியது. அதற்குக் கீழே எல்லாமே சேற்று நிறம். ஸ்டெப்னி அதன் அடியில் நின்று கையை உயர்த்திப் பார்த்தான். கோடு அவன் மணிக்கட்டு உயரத்தில் இருந்தது.

"இதெல்லாம் கழட்டிடலாமேம்மா," என்றான். "பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு."

பண்ணைக்காரம்மா வைக்கோலை உதறிக்கொண்டே சொன்னாள். "கழட்டிட்டா, இங்க பத்தொம்போது மாடு இருந்துச்சுன்னு நான் மட்டும்தான் சொல்லணும். இப்ப கயிறும் கூடச் சேர்ந்து சொல்லுதுல்ல."

ஸ்டெப்னி வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. இருபது வருடம் லாரி ஓட்டிய ஆள். இப்போது மேடத்தின் பழைய காரை ஓட்டுகிறான். மாற்றுச் சக்கரம் மாதிரி எப்போதும் வண்டியிலேயே கிடப்பதாலும், நெருக்கடிக்கு மட்டும் பயன்படுவதாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேடத்துக்கும் ஊரார் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஊமைக்கோட்டான். பத்து வருடம் நில அளவைத் துறையில் இருந்துவிட்டு, அங்கே அளக்கப்படுவது நிலம் இல்லை என்று தெரிந்ததும் வெளியே வந்து துப்பறியும் தொழிலுக்கு இறங்கியவள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால்கூட ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வாள்.

இப்போதும் அவள் பேசவில்லை. பண்ணைக்காரம்மா கொடுத்த கடிதத்தைப் படித்து முடித்து ஸ்டெப்னியிடம் நீட்டினாள். அவன் சத்தமாகப் படித்தான்.

"'விண்ணப்பதாரர் தமது பண்ணையில் பிற்பகல் இரண்டு மணிக்கு வெள்ளம் புகுந்ததாகக் கூறுகிறார். ஆற்று அளவுப் பலகையின் பதிவுப்படி ஆறு கரை தாண்டியது அன்றிரவு ஒன்பது நாற்பதுக்கு. எனவே கூற்று நம்பத்தக்கதல்ல. பாதிப்பு இல்லை. மேல்முறையீடு செய்ய, அடுத்த நில உரிமையாளர் இருவர் கையொப்பமிட்ட வாக்குமூலம் தேவை.' பாதிப்பு இல்லையா? இதை எழுதின அதிகாரி எங்க நின்னு பார்த்தான்?"

"ஜீப்புல உக்காந்து பார்த்தாரு. கீழ சேறா இருக்குன்னு இறங்கல."

"நீங்களும் ராத்திரின்னே எழுதியிருக்கலாமேம்மா. ஊரே ராத்திரிதான் வெள்ளம் வந்துச்சுங்குது."

"ரேடியோல ரெண்டு மணிச் செய்தி ஆரம்பிச்சுது. அப்ப தண்ணி வாசல்ல. செய்தி முடியறப்ப இடுப்பு வரைக்கும். நான் பதினோரு மாட்டை அவுத்தேன். பன்னெண்டாவது முடிச்சு நனைஞ்சு இறுகிப்போச்சு." அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு மணிக்கு வந்ததை ராத்திரின்னு எப்படி எழுதறது?"

மீதிக் கதை சுருக்கமானது. மேட்டில் ஒன்பது பண்ணைகள். ஒன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஒன்பதுக்கும் வெள்ள நிவாரணம் வந்துவிட்டது. விண்ணப்பங்களைக் கொண்டு வந்து, தன் கடைக் குமாஸ்தாவை விட்டு எழுதிக் கொடுத்தவர் தீவனக்கடைக்காரர். விவசாயிகள் சங்கத் தலைவரும் அவரே. பக்கத்து நிலக்காரி என்ற முறையில் இவளும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"உங்க மாடெல்லாம் நின்னு அசை போட்டுட்டு இருக்கேன்னேன். கதவைச் சாத்திட்டேன். அன்னையிலேர்ந்து என் வாசல்ல யாரும் நிக்கறதில்ல. என் வீட்டுக்காரர் கூடப்பொறந்த தம்பி, மேட்டுல முதல் பண்ணை, அவனும் சேர்த்துதான். இப்ப எனக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்ல."

"கடைசி நாள்?" மேடம் கேட்ட முதல் கேள்வி.

"இன்னைக்கு. அஞ்சு மணி. திங்கக்கிழமை கடனுக்காகப் பேங்குக்காரங்க வராங்க. நிலத்தை எடுத்துக்கத் தீவனக்கடைக்காரர் இப்பவே விலை சொல்லிட்டாரு."

"அடேயப்பா, கருணை," என்றான் ஸ்டெப்னி.

"நீங்க பால் வண்டியில ஏறி நிவாரண ஆபீசுக்கு வந்துடுங்க," என்றாள் மேடம். "நாங்க மேட்டைப் பார்த்துட்டு வரோம்."

* * *

மேட்டுக்கு ஏறும் வழியில் கார் மூச்சு வாங்கியது. வாய்க்கால் கரையில் நிறுத்தி, ஸ்டெப்னி ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொண்டான். பக்கத்தில் ஒரு மதகு. இரும்புச் சக்கரம் ஒன்று, லாரி ஸ்டியரிங்கைப் போல இரண்டு மடங்கு. சாய்ந்து நின்றவன் சட்டையெல்லாம் கிரீஸோடு நிமிர்ந்தான்.

"பாருங்க மேடம், என் சம்பளத்தைவிட இதுக்கு அதிகமா எண்ணெய் ஊத்தறாங்க."

சக்கரத்தில் புதுச் சங்கிலி, புதுப் பூட்டு. மேலே ஒரு பலகை: சங்கத்துக்குச் சொந்தமானது, தொடாதீர்.

மேடம் பலகையைப் பார்க்கவில்லை. மதகிலிருந்து கீழே இறங்கும் வறண்ட ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓடை எங்கும் திரும்பாமல் நேராக இறங்கியது. அதன் முடிவில் ஒரு தகரக் கூரை வெயிலில் மினுங்கியது. சற்றுமுன் அவர்கள் நின்றிருந்த கொட்டகை.

ரேடியேட்டர் நிறைந்தது. மூடியும் போட்டாயிற்று. மேடம் அசையவில்லை. ஸ்டெப்னி இரண்டு முறை இருமிப் பார்த்தான். மூன்றாவது இருமலுக்கு அவள் வந்து காரில் ஏறினாள்.

"என்ன மேடம் பார்த்தீங்க?"

"சரிவு."

அதற்கு மேல் ஒன்றும் வராது என்று அவனுக்குத் தெரியும்.

* * *

மேட்டின் முதல் பண்ணையில் கொழுந்தன் வாசலிலேயே நின்றிருந்தான். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு வாளி. அவர்கள் வருவதைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான், பிறகு எடுத்தான், பிறகு வைத்தான்.

"அண்ணி அனுப்பினாங்களா?"

"நாங்களாத்தான் வந்தோம்," என்றான் ஸ்டெப்னி. முற்றத்தில் ஒரு புது பம்பு, ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். "புதுசா? நல்லா இருக்கு. பழசு வெள்ளத்தோட போயிடுச்சோ?"

"ஆமா சார். அடிச்சுட்டுப் போயிடுச்சு."

"அப்ப அங்க மூலையில கடகடன்னு ஓடிட்டு இருக்கே, அது அதோட தம்பியா?"

பழைய பம்பு கொழுந்தனுக்காகக் கொஞ்ச நேரம் பேசியது.

மேடம் இதற்குள் மாட்டுக்கொட்டகையின் கதவருகே போயிருந்தாள். பச்சைப் பலகைக் கதவு. அதில் முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரம் வரை வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஒரு தேதி. 'பெரியவன்', 'சின்னக்குட்டி' என்று எழுத்து. ஆறு வருடமாகக் குழந்தைகள் வளர்ந்த கணக்கு. அவள் மிகக் கீழே இருந்த கோட்டில் விரலை வைத்து எடுத்தாள். விரல் நுனியில் வெள்ளைப் பொடி.

"சாக்பீஸ்," என்றாள்.

ஸ்டெப்னி குனிந்து பார்த்தான். "உங்க விண்ணப்பத்துல தண்ணி எவ்வளவு உசரம்னு எழுதியிருக்கீங்க?"

"ஆளுயரம்." கொழுந்தனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆளுயரத் தண்ணி நின்னும் அழியாத சாக்பீஸ்! எந்தக் கடைன்னு சொன்னா என் லைசன்ஸையே அதுல எழுதி வச்சுக்குவேன்."

"யார் எழுத்து இது?" என்றாள் மேடம்.

கொழுந்தன் தரையைப் பார்த்தான். "அண்ணியோடது. பசங்களுக்குப் பெரியம்மான்னா உசுரு. வருஷா வருஷம் அவங்கதான் வந்து நிக்க வச்சு... இந்த வருஷம் வரல."

"ஒரு கையெழுத்துப் போடுங்க. அவங்க பண்ணையில தண்ணி வந்ததைப் பார்த்தேன்னு. அது பொய்யும் இல்ல," என்றாள் மேடம்.

அவன் வாளியை மறுபடி எடுத்தான். "முடியாதுங்க. எனக்குத் தீவனம் கடனுக்கு வருது. நான் கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கே மூட்டை நின்னுடும். எனக்கும் மாடு இருக்கு, பசங்க இருக்காங்க."

"அவங்களுக்கும் பத்தொம்போது மாடு இருந்துச்சு," என்றான் ஸ்டெப்னி. முதல் முறையாக அதில் சிரிப்பு இல்லை.

காரில் ஏறிய பிறகு அவனால் பொறுக்க முடியவில்லை. "மேடம், ஆளு கையும் களவுமா மாட்டிக்கிட்டான். கதவைப் போட்டோ எடுத்து நீட்டினா ஒன்பது பேரும் காலி."

"எப்ப?"

"விசாரணை வச்சு... ஆறு மாசம், ஒரு வருஷம்..."

"இப்ப மணி மூணேகால்."

ஸ்டெப்னி கியரை மாற்றினான். ஒன்பது பேரைக் கம்பி எண்ண வைக்கலாம். அதனால் அந்தம்மாவுக்கு இரண்டு கையெழுத்து முளைக்காது. எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறான். கத்தியோடு வந்தவன், சுவரில் கன்னம் வைத்தவன் எல்லாம் இப்போது யோக்கியர்களாகத் தெரிந்தார்கள்.

* * *

நிவாரண அலுவலகத்தில் நீண்ட கூடம். ஒரே ஒரு கவுண்டர் திறந்திருந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் பண்ணைக்காரம்மா, ரப்பர் பூட்ஸோடு, மேல்முறையீட்டுத் தாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துக்கான இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

மேடம் கவுண்டருக்குப் போனாள். "வழங்கின நிவாரணத்துக்கு யாராவது ஆட்சேபணை சொல்றதுன்னா, விண்ணப்பங்களைப் பார்க்கலாம்னு விதி இருக்கே. அந்தக் கட்டு வேணும்."

கவுண்டர்காரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

"அதனாலதான் புதுசு போல இருக்கும், குடுங்க," என்றான் ஸ்டெப்னி.

பெஞ்சில் வைத்து மேடம் படித்தாள். ஒன்பது விண்ணப்பங்கள், எல்லாம் ஒரே ஆளின் எழுத்து, ஒரே நீல மை, கீழே அவரவர் கையொப்பம். முதலாவதை முழுசாகப் படித்தாள். மற்றவற்றில் இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தாளைச் செருகினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கடைசித் துண்டைச் செருகும்போது, கையைக் கழுவ இடம் தேடுகிறவள் போல விரல்களை விரித்து வைத்துக்கொண்டதை ஸ்டெப்னி கவனித்தான்.

அதிகாரியின் அறையில் தீவனக்கடைக்காரர் ஏற்கெனவே இருந்தார். நல்ல நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அதிகாரிதான் விருந்தாளி மாதிரி இருந்தார்.

"கையெழுத்து ரெண்டும் வந்துச்சாம்மா?" என்றார் அதிகாரி, பேனாவின் மூடியைத் திறக்காமலே.

மேடம் விண்ணப்பக் கட்டை மேசையில் வைத்துத் திறந்தாள். "ஒன்பதாவது கட்டம். படிங்க."

அதிகாரி வேண்டாவெறுப்பாகப் படித்தார். "'தண்ணீர் வந்த வழி: கீழேயுள்ள மாட்டுப்பண்ணை வழியாக. அங்கே ஆளுயரத்துக்கு மேல் நின்று, பின் எங்கள் நிலத்துக்கு ஏறியது.'"

"ஏறியதாம்," என்றான் ஸ்டெப்னி. "கைப்பிடி இருந்திருக்கும் போல."

"ஒன்பதுலயும் இதே வரிதான்," என்றாள் மேடம். "ஆத்தங்கரையில இருக்கற ஒரே பண்ணை அது. மேட்டுல தண்ணி வந்துச்சுன்னு சொல்லணும்னா அதை முதல்ல முழுகடிச்சே ஆகணும். இந்த ஒன்பதுல மூணு பேர் நிலத்துக்கு எல்லையே அந்தப் பண்ணைதான். அடுத்த நில உரிமையாளர் ரெண்டு பேர் கேட்டீங்க. இங்க மூணு பேர் இருக்காங்க."

"அது அவங்க தாள்ல இருக்கு."

"கையொப்பமிட்ட வாக்குமூலம்னுதான் உங்க கடிதம் கேக்குது. எந்தத் தாள்லன்னு கேக்கல. இது பொய்யின்னா சொல்லுங்க, ஒன்பதும் பொய்யின்னு எடுத்துக்கறேன்."

அதிகாரி தீவனக்கடைக்காரரைப் பார்த்தார். தீவனக்கடைக்காரர் ஒரு கணம் கணக்குப் போட்டார். பிறகு தாராளமாகச் சிரித்தார்.

"குடுத்துடுங்க சார். பாவம், பொம்பளை தனியா கஷ்டப்படுது. அவங்க வாங்கினா நமக்கென்ன? எல்லாரும் நல்லா இருக்கட்டும்."

பண்ணைக்காரம்மாவின் நிவாரண உத்தரவில் முத்திரை விழுந்தது. 'ஏற்கப்பட்டது.' கையெழுத்து, தேதி, வரிசை எண். ஸ்டெப்னிக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டவில்லை. பொய்யர்கள் தயவில் ஒரு உண்மை பாஸாகியிருந்தது. அதற்கும் இந்த ஆள் தர்மப்பிரபு மாதிரி சிரிக்கிறான்.

மேடம் உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்திருக்கவில்லை. மேலே விசிறி சுற்றியது. தீவனக்கடைக்காரர் நாற்காலியில் ஒருமுறை நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னும் என்னம்மா?" என்றார் அதிகாரி.

"பத்தாவது கட்டம்."

அதிகாரி குனிந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்தது. ஸ்டெப்னி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

தண்ணீர் வந்த நேரம்: பிற்பகல் இரண்டு மணி.

ஒன்பதிலும்.

"அந்தம்மா ரெண்டு மணின்னு எழுதினாங்க. ஆறு ராத்திரிதான் வந்துச்சுன்னு சொல்லித் தள்ளினீங்க," என்றாள் மேடம். அன்றைக்கு அவள் பேசிய மிக நீளமான பேச்சு அங்கேதான் தொடங்கியது. "சரிதான். ஆறு ராத்திரிதான் வந்துச்சு. அப்ப ரெண்டு மணித் தண்ணி ஆத்துத் தண்ணி இல்ல. அது அந்தம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இல்லன்னா, அதை அனுப்பினவங்களுக்குத் தெரியும்."

தீவனக்கடைக்காரரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. ஆனால் அதை அங்கே வைத்துவிட்டு அவர் எங்கோ போய்விட்டிருந்தார்.

"மேல் வாய்க்கால் அன்னைக்குக் காலையிலேர்ந்தே ததும்பியிருக்கும். உடைஞ்சா ஒன்பது பண்ணை முழுகும். மதகைத் திறந்தா ஒண்ணு. சாவி சங்கத்துல. உங்க கடைக் குமாஸ்தா பத்தாவது கட்டத்துக்கு வந்ததும் நேரம் கேட்டிருப்பார். ஒன்பது பேருக்கும் தெரிஞ்ச ஒரே நேரம் அதுதான். சொல்லிட்டாங்க."

"முழுகடிச்சதுக்குமா காசு வாங்கினீங்க?" என்றான் ஸ்டெப்னி.

தீவனக்கடைக்காரர் இப்போது தாழ்ந்த குரலில் பேசினார். "கொஞ்சம் நிதானமா யோசிங்க. மதகுத் தண்ணின்னா அது இயற்கைப் பேரிடர் இல்ல. அந்தம்மாவுக்கும் நிவாரணம் கிடையாது. எதுக்கு? பத்துத் தாள்லயும் நேரத்தை மட்டும் ராத்திரி ஒன்பது நாப்பதுன்னு திருத்திடலாம். சார் திருத்துவாரு. அந்தம்மா பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்து. அவ்வளவுதான்."

"கையெழுத்து கேக்கறீங்களா?"

வாசலில் பண்ணைக்காரம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "போன தடவையும் இதே சின்னக் கையெழுத்துதான் கேட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தாம்மா—"

"ரெண்டு மணி," என்றாள் அவள். "அது ரெண்டு மணியாவே இருக்கட்டும்."

மேடம் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு மணிங்கற கணக்குக்குத்தான் முத்திரை விழுந்திருக்கு. ரத்து பண்ணணும்னா காரணம் எழுதணும். மதகைத் திறந்தாங்க, அவங்களுக்கே நான் காசும் குடுத்தேன்னு உங்க கையால எழுதுங்க. நான் காத்திருக்கேன்."

பேனா திறந்தபடியே அதிகாரியின் கையில் இருந்தது. "எனக்கு இது எதுவும் தெரியாதுங்க," என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல். நாற்காலியைத் தீவனக்கடைக்காரரிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆனால் எழுதவில்லை.

"காசைத் திருப்பிக் கேட்டா, கேக்கறப்ப குடுத்துக்கறேன்," என்றாள் பண்ணைக்காரம்மா. "அதுவரைக்கும் இருக்கற மாடு திங்கட்டும்."

"ஸ்டெப்னி, ஒன்பதுக்கும் நகல். சீல் போட்டு வாங்குங்க. போலீசுக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணு."

அவன் கட்டை அள்ளிக்கொண்டு கவுண்டருக்குப் போனான். நகல் எல்லாம் சீலோடு கைக்கு வந்தபோது மணி ஐந்துக்குப் பத்து. அப்போதுதான் கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு கொழுந்தன் ஓடி வந்தான். வியர்வையில் நனைந்திருந்தான். தாழ்வாரத்தில் நின்ற பண்ணைக்காரம்மாவைப் பார்த்ததும் மூச்சு வாங்க நின்றான்.

"அண்ணி, தாளைக் குடுங்க. நான் போடறேன். யார் என்ன சொன்னாலும் சரி, நான் கையெழுத்துப் போடறேன்."

ஸ்டெப்னிக்கு ஒரு கணம் மனசு இளகியது. மறுகணம் அவன் அதைப் பார்த்தான். கொழுந்தனின் வலது சட்டைக் கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வெள்ளையாக இருந்தது.

முதலில் கதவைத் துடைத்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போட வந்திருக்கிறான்.

சொல்லத் தோதாக ஏழெட்டு வார்த்தைகள் ஸ்டெப்னியின் நாக்கு நுனிக்கு வந்தன. விழுங்கிவிட்டு நகல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

பண்ணைக்காரம்மாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மதகுச் சக்கரம்," என்றாள் மெதுவாக. "முழுசாத் திறக்க எத்தனை சுத்து சுத்தணும்?"

"நாப்பது." சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. வாய் திறந்தபடியே நின்றது.

"நாப்பது," என்றாள் அவள். "அங்கேர்ந்து பார்த்தா என் கொட்டகை நல்லா தெரியுமே."

அவள் காத்திருந்தாள். நாற்பது சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்த மாதிரி ஸ்டெப்னிக்குத் தோன்றியது. பிறகு அவள் மேல்முறையீட்டுத் தாளை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு கட்டங்களும் காலியாகவே இருந்தன.

"கையை உதறாதே," என்றாள். "பசங்க உசரம் மொத்தமும் இப்ப அதுலதான் இருக்கு."

ரப்பர் பூட்ஸ் சத்தம் கூடத்தைக் கடந்து வாசல் படியில் இறங்கியது. பால் கறக்கிற நேரம் ஆகியிருந்தது.